தேசிக்காய்க்காக எடுத்த கல்

ஆவணி, வியாழன்

அண்ணையின் வலது பாதத்தில் மூன்று எலும்புகள் உடைந்துவிட்டன.

எங்கள் பழைய பிக்கப்புக்கு, லொறி ஒன்றிலிருந்து கழற்றிய பலமான பின் அச்சைப் பூட்டினோம். வெங்காயம் ஏற்றினால் பழைய அச்சு தாங்காது. புதிய அச்சுக்குக் கைப்பிறேக் கேபிள் எட்டவில்லை. "இன்னும் ரெண்டு நாள் விடுங்கோ தம்பி" என்றார் கராச்காரர். நாளை அட்டமி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அண்ணைக்கு உண்டு. ஆகவே இன்றே எடுத்துவந்தேன். கைப்பிறேக் பிடிக்காது என்பதை அண்ணையிடம் சொல்வதாகக் கராச்காரருக்கு வாக்கும் கொடுத்தேன்.

புதுத் தார் போட்டபின் றோட்டு உயரம், எங்கள் முற்றம் பள்ளம். அந்தச் சரிவில் பிக்கப்பை றோட்டைப் பார்க்க நிறுத்தி, உருளாமல் பின் சில்லுக்குக் கல் வைத்தேன். முன்னால் நின்று கற்பூரம் கொளுத்தினேன். அண்ணை வழமைபோலக் கைப்பிறேக்கை இழுத்துவிட்டு, சில்லுகளுக்கு அடியில் வைத்து நசுக்கத் தேசிக்காய்களோடு பின்னால் போனார்.

"என்னடா இது? சில்லு தேசிக்காயை நசுக்கிறதோ, கல்லை நசுக்கிறதோ?"

நானும் சிரித்தேன். சொல்வதற்கு அந்த ஒரு கணம் இருந்தது. அவர் கல்லை இழுத்தார். வண்டி பின்னால் உருண்டது.

ஆசுபத்திரியில் வந்தவர்களிடமெல்லாம், "அச்சு நல்ல பலம், என்ரை காலைக் கேளுங்கோ" என்று பகிடி விட்டார். அவர்கள் போனபின் என் பக்கம் திரும்பினார்.

"உன்ரை முகம் ஏனடா இப்பிடிக் கிடக்கு? நான்தான் பிறேக்கை வடிவா இழுக்கேல்லைப் போல."

"ஓம் அண்ணை" என்றேன்.