ஏணியில் இறங்க முடியுமா?

அன்புள்ள மகளே,

நீ பரிசளித்த அலாஸ்கா கப்பலில் வசதிக்குக் குறைவில்லை. குளியலறைத் தரைகூடச் சூடாக இருக்கிறதாம். என் கால்களுக்குத்தான் தெரியவில்லை.

இன்று எல்லோரும் ரப்பர் படகில் பனியாறு பார்க்கப் போனார்கள். நானும் சக்கர நாற்காலியில் வரிசைக்குப் போனேன். படகோட்டி கர்ட்டிஸ் திகைத்துவிட்டார்.

"ஏணியில இறங்குவீங்கன்னு படிவத்துல போட்டிருக்கே, மேடம்?"

"என் மக எழுதினது. மூணு வருஷமா அவ நிஜத்தையே பாக்க மாட்டேங்கிறா!"

என்னை என் அறை பால்கனியில் தனியாக விட்டுப்போனார்கள். எரிச்சலில் அழுதேன்.

விபத்து நடந்த அன்று காரை ஓட்டியது நீ என்பதற்காக உன்னை நான் திட்டியதே இல்லை. இந்தப் பொய்க்காகத் திட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை சியாட்டில் துறைமுகத்துக்கு டாக்சி அனுப்பாதே. நீயே மறுபடி காரை ஓட்டிக்கொண்டு வா. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

உன் அம்மா