ஸ்கோர் நோட்டின் பின்பக்கம்

மார்ச் 12, செவ்வாய்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம், அப்பாவுக்குச் சளி விட்டது, ஆபரேஷன் செய்து வைத்த என் புது முட்டி ஒமாஹா வரை போய்வந்தும் மடங்குகிறது. அங்கே வெயிலில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், சுகமாகவே இரு. அதற்கு மேல் இனிப்பாக எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ 'அம்மா, மீட்டிங்' என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுதும் படி.

வியாழக்கிழமை காலை வெர்னாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒமாஹா போட்டிக்குக் கிளம்பினோம். இருபது வருஷமாக ஆட்ட அரங்கில் என் பக்கத்து இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அதே வெர்னாதான், வழியெல்லாம் வாய் ஓயவில்லை. பனிக்காற்று, நாலு மணி நேரப் பாதை ஆறு மணி நேரம் ஆனது. போய் இறங்கினால் முதல் எரிச்சல் அங்கேயே காத்திருந்தது. நம் கல்லூரி வாத்தியக் குழுவை ஆண்கள் கூடைப்பந்து அணியோடு டென்வருக்கு அனுப்பிவிட்டார்களாம். வருஷம் முழுக்க ஏழே ஆட்டம் ஜெயித்த ஆண்கள்! நம் பெண்கள் இருபத்தைந்து ஜெயித்து முதலிடத்தில் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஊத ஒரு கொம்பு இல்லை. கல்லூரியிலிருந்து வந்திருந்த டை கட்டிய ஆளைப் பிடித்து ஏன் என்று கேட்டேன், 'ரெண்டு ஊருக்கும் அனுப்ப பஸ் இல்லைங்க மேடம்' என்றான். நான் பஸ் ஓட்டத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அவனை ஏற்றிக்கொண்டே டென்வருக்குப் போயிருப்பேன். கடைசியில் எங்களுக்கு வாத்தியம் என்று இருந்தது வெர்னாவின் மாட்டு மணி ஒன்று, அதையும் அரங்கு வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கல்லூரிப் பாட்டை வெறும் வாயால் பாடினோம். பத்துக் கல்லூரிகள், நாலு நாள், ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கோப்பை வாங்குகிற அணிக்கு மட்டும் தேசியப் போட்டிக்கு வழி. நீயே இதில் இரண்டு தரம் தோற்று என் மடியில் அழுதவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெலானி வெள்ளிக்கிழமை இருபத்தேழு புள்ளி போட்டாள். அவள் யார் என்று உனக்குத் தெரியும், தெரிந்த விதத்தைத்தான் பேசப் போகிறேன். மூன்று வருஷமாக ஞாயிறு மதியம் நம் மேசையில் சாப்பிடுகிற பெண். வீடு ஆறு மணி நேரம் தள்ளி, மணல்மேட்டுப் பண்ணை, அப்பன் மாடுகளை விட்டு நகர முடியாது, அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், மகள் ஆட்டத்துக்கு வருவதே வருஷத்தில் இரண்டு மூன்று தரம்தான். பீன்ஸும் கறியும் போட்ட சில்லியும் பட்டைச் சுருள் ரொட்டியும் வைத்தால் மூன்றாவது தரமும் தட்டை நீட்டுவாள், சாப்பிட்டதும் சொல்லாமலே பாத்திரம் கழுவ எழுந்துவிடுவாள். நீ அவளை நேரில் ஒரு நாளும் பார்த்ததில்லை. உனக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் எழுதியது. நீ நம் கல்லூரிக்கு ஆடப் போன முதல் நாளிலிருந்து ஸ்கோர் நோட்டு எழுதுகிறேன், நீ அந்தப் பெரிய கல்லூரிக்குக் கோச் வேலைக்கு ஊரைவிட்டுப் போன பிறகும் விடவில்லை. 'அந்தத் தாளையெல்லாம் எனக்கு அனுப்பும்மா, படிச்சா வீட்டுக்கு வந்தாப்ல இருக்கும்' என்று நீ கேட்டாய். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆட்டம் முடிந்ததும் தாளைக் கிழித்து மறுநாளே தபாலில் போட்டேன். முன்பக்கம் யார் எத்தனை போட்டார்கள் என்பது, இடதுகையால் போட்ட கூடைக்கு மட்டும் ஒரு சின்ன வட்டம், அது என் சொந்தக் குறி, உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. பின்பக்கம் முழுக்க வம்பு. கோச் கத்தினால் டெலானி துண்டைத் தலைமேல் போட்டு மூடிக்கொள்கிறாள், கணுக்கால் வலியை மறைக்கிறாள், அம்மா வந்திருக்கிறாளா என்று ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்தைத் துழாவுகிறாள், இப்படி. ஒரு அம்மா மகளுக்கு எழுதிய வம்பு, பிரிட்டா. வேவு பார்த்து எழுதியதல்ல.

சனிக்கிழமை அரையிறுதி இடைவேளையில் கழிப்பறை வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் டெலானியின் அம்மா மார்லா. இந்த ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். 'ஆர்டிஸக்கா, உங்க பொண்ணு தங்கம்! ஒரு மாசமா வாரம் தவறாம எனக்குப் போன் பண்றாங்க. எங்க டெலானி ஆடின ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லையாம், எந்த ஆட்டத்துல இடதுகையால எத்தனை போட்டாள்னு புட்டுப் புட்டு வைக்கிறாங்க, பெத்த எனக்கே அது தெரியாது. கோச் சத்தம் போட்டா துண்டைப் போட்டு மூடிக்குவாளேன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவங்க காலேஜ்ல யாரும் கத்த மாட்டாங்களாம். சீசன் முடிஞ்சதும் வேற காலேஜுக்கு மாறுறவங்க பட்டியல்ல பேரைக் குடுத்தா மத்ததை அவங்க பாத்துக்கிறாங்களாம்' என்றாள். பாவம், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். என் முறை வந்தது, நான் உள்ளே போகவே இல்லை. இருக்கைக்கு வந்து நோட்டைத் திறந்தேன், இரண்டாம் பாதி முழுக்க ஒன்றும் எழுதாமல் வெறும் கட்டமாகவே விட்டுவிட்டேன். 'என்னடி, பென்சில் ஒடஞ்சிடுச்சா? என்கிட்ட பேனா இருக்கு, இந்தா' என்றாள் வெர்னா. நாம் ஜெயித்துவிட்டோம், எல்லோரும் குதித்தார்கள், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை உணவின்போது அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பாவைத் தெரியாதா, வாஃபிளில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே, 'அது அவ வேலை ஆர்டிஸ், ஆள் புடிக்கத்தானே அவளுக்குச் சம்பளம்' என்றார். புடிக்கட்டும், என்னை வச்சா புடிக்கணும் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நீயும் கேள். பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிப் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போவது புதிதல்ல, அதற்காக நான் அழவில்லை. பட்டியலில் பேர் வருமுன் ஆட்டக்காரியோடு பேசக் கூடாது என்ற விதி எனக்கே தெரியும், அதனால்தான் அவள் அம்மாவைப் பிடித்தாயாக்கும், மகா கெட்டிக்காரி. அதைக்கூட விடு. ஒரு ஆட்டமும் விடாமல் பார்த்தேன் என்றாயே, அது என்ன வாய்? டிசம்பரில் என்னிடம் என்ன சொன்னாய், 'எனக்கு ஏதும்மா நேரம், நம்ம காலேஜ் ஆட்டமெல்லாம் பாக்கறதில்ல, உன் தாளைப் படிச்சா போதும்' என்றாய். என் விரலைக் கொண்டே என் கண்ணைக் குத்திவிட்டாயே. நான் அந்தப் பெண்ணுக்குச் சோறு போட்டது அவளை அளந்து உனக்கு அனுப்பத்தானா என்று நாளைக்கு யாராவது கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். நம் அணி முதல் கூடை போடும்வரை நம் ஆட்கள் யாரும் உட்காரக் கூடாது, நின்று கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இது உனக்கு மறந்திருக்காது. ஐந்து நிமிடம் ஒரு கூடையும் விழவில்லை. என் முட்டி விண் விண் என்று தெறித்தது. வெர்னா, 'யாராச்சும் ஒருத்தி போட்டுத் தொலைங்கடி, எனக்குக் கால் கழண்டுடும் போல இருக்கு' என்று அரங்கமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். டெலானிதான் போட்டாள், இடதுகையால். என் பென்சில் பழக்கத்தில் வட்டம் போடப் போய்ப் பாதியில் நின்றது. அந்தப் பாவத்தையும் உன் கணக்கில்தான் எழுத வேண்டும். ஆட்டம் ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழு, ஒரே புள்ளியில் தோற்றோம். கடைசி நொடியில் டெலானி போட்டது வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. எதிரணிப் பெண்கள் கோப்பை ஜெயித்தவர்கள் வழக்கப்படி ஏணியில் ஏறிக் கூடை வலையை வெட்டினார்கள், அவர்கள் வாத்தியக்காரர்கள் காது கிழிய ஊதினார்கள், நாங்கள் வாயை மூடிக்கொண்டு கோட்டுகளை மாட்டினோம். அந்த டை கட்டிய ஆள் படியில் எதிரே வந்தான், என் முகத்தைப் பார்த்ததும் வேறு படியில் இறங்கிவிட்டான்.

அணியின் பஸ் பக்கத்தில் போய் நின்றேன். டெலானி கண் வீங்கி வந்தாள், கோட்டு ஈரமாகும் அளவுக்கு என் தோளில் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் பிரிட்டாக்கா காலேஜுக்குப் போலாம்னு இருக்கேன். அங்க இருக்கிற கண்ணாடிக் கட்டடம், டிவியில வர்றது எல்லாம் எனக்கு வேண்டாம் ஆன்ட்டி, அதுக்காக இல்ல. அவங்க எங்க அம்மாகிட்ட என்னைப் பத்திச் சொன்னதெல்லாம் கேட்டேன், என்னை இவ்வளவு கவனமா யாருமே பாத்ததில்ல, அதான்' என்றாள். பிரிட்டா, நான் பேசாமல் இருந்திருக்கலாம். பெற்ற மகளைக் காட்டிக்கொடுக்க எந்தத் தாய்க்கு நாக்கு வரும்? ஆனால் அந்தப் பிள்ளை என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பையிலிருந்து நோட்டை எடுத்து வெள்ளிக்கிழமைத் தாளைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். வட்டங்களைப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் படித்தாள், இரண்டாம் தரமும் படித்தாள். 'இது நீங்களா?' என்றாள். நான்தான், மூன்று வருஷமாக நான்தான் என்றேன். 'அப்ப அவங்க பாக்கவே இல்லியா?' என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெல்ல, 'எனக்குத் தெரியாம எழுதியிருக்கீங்களே ஆன்ட்டி' என்றாள், அது எனக்கு விழ வேண்டிய அடி, வாங்கிக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன். பனியைக் காலால் தள்ளினாள். பிறகு, 'சரி, இந்த வாரம் பண்ணைக்குப் போறேன், திரும்பி வந்து இருபத்து நாலாந்தேதி அவங்களுக்கு நானே போன் பண்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கப் போறேன். ஜனவரியில அந்தப் பனிப்புயல் ஆட்டத்துல அஞ்சு ஃபவுலாகி நான் வெளிய வந்தேனே, அதுக்கப்புறம் பெஞ்சுல உக்காந்து என்ன பண்ணேன்னு கேக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

அந்த நாள் அரங்கில் நாற்பது பேர்தான் இருந்தோம். வீடு வந்து சேர்ந்ததே பெரும்பாடாகிவிட்டதால் அந்தத் தாளின் பின்பக்கம் ஒரு வரியும் எழுதாமல் அனுப்பினேன், எடுத்துப் பார், வெறுமையாக இருக்கும். வீடியோவில் தேடாதே, கேமரா பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. வெர்னாவுக்கும் போன் போடாதே, வாயைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். விடை எனக்குத் தெரியும். அதை உனக்குச் சொல்ல மாட்டேன். கேள்வியை முன்கூட்டியே சொல்வதுகூட உன்னைப் பெற்ற தோஷத்தால்தான், நியாயப்படி இதையும் சொல்லியிருக்கக் கூடாது. நான் அனுப்பிய தாள்களையெல்லாம் ஒன்று குறையாமல் ஒரு பெட்டியில் போட்டு டெலானி பேருக்கே அனுப்பிவிடு, அவை அவளுடையவை, இனி உனக்கு ஒரு தாளும் வராது.

அவள் கூப்பிடும்போது நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான். எனக்குத் தெரியாது டெலானி, நான் உன் ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்று சொல். மழுப்பாதே, சிரித்துப் பேச்சை மாற்றாதே, அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று என்மேல் போடாதே. அதைச் சொன்ன பிறகும் அவள் உன்னிடமே வருகிறேன் என்றால் அவள் துணிப்பெட்டியை நானே வண்டியில் ஏற்றி விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன், சத்தியம்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே. ஏப்ரல் நாலு அப்பாவின் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு, கூடைப்பந்து தவிர எதை வேண்டுமானாலும் பேசு. கடவுள் உனக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும், அந்தத் தூக்கம் வருவதற்கு ஏற்ற மனசையும் தரட்டும். என் பிள்ளை பொய் சொல்ல மாட்டாள் என்று இந்த ஊரில் இருபது வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இருபத்து நாலாந்தேதி நாள் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், டெலானி முதலில் என்னிடம்தான் சொல்வாள்.

கோபம் கொஞ்சமும் ஆறாமல்,
உன் அம்மா
ஆர்டிஸ்