கேட்காமல் கட்டிய குளிர் அறை

ராத்தா,

இன்று காலை சோளகக் காற்று எழுந்தது. நண்டு வாங்கும் ஐஸ் பெட்டிகளை லொறியில் ஏற்றித் தென்கரையிலிருந்து வடகரைக்கு அனுப்பினேன். கையில் ஒட்டிய ஈர நண்டின் மணம், உப்புக்குளத்தில் உங்கள் கருவாட்டுக் கடைக்குள் நான் முதன்முதலாக நுழைந்த நாளை நினைவூட்டியது.

அப்போது என் முதல் தொழில் மூடிக்கிடந்தது. தென்கரையில் குளிர் அறை கட்டியிருந்தேன். சோளகம் பிறந்து தென்கடல் கொந்தளித்ததும் படகுகள் வடகடலுக்குப் போய்விட்டன. நண்டும் அங்கேயே கரைசேர்ந்தது. மீன்வாடியில் எவரைக் கேட்டிருந்தாலும் முன்பே சொல்லியிருப்பார்கள். பட்டம் பெற்றவள் நான், கேட்கவில்லை. நண்டுச் சதை எடுத்த ஆறு பெண்கள் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். வங்கி கைவிரித்துவிட்டது. நீங்களும் பணம் தர மறுத்தால் அவர்களைத் திரும்ப அழைக்க வழியில்லை.

காற்றையும் மீனவரையும் ஐஸ்காரரையும் குறை சொல்லி முடித்தேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள்.

"எல்லாரும் பிழை விட்டிருக்கினம், தங்கச்சி. நீங்க மட்டும் ஒண்டும் விடேல்லையோ? யோசிச்சுப்போட்டு வாங்கோ."

கோபத்தோடு எழுந்து போனேன். நான்கு நாள் கழித்து வந்து நின்றபடியே சொன்னேன்: "ஆரையும் கேக்காமக் கட்டினது நான்தான், ராத்தா. இனிக் கட்டமாட்டன். லொறியும் பெட்டியும் போதும். படகு போற கரைக்கு நாங்களும் போவம்."

தராசடியில் நின்ற உங்கள் தம்பி சிரித்தார். "ராத்தா, கவிண்ட தோணியிலயோ ஏறப்போறீங்க?"

"புதுசா வாற ஆள் இனித்தானடா பிழை விடும், அதுவும் என்ர காசில. இவ தன்ர காசிலயே அதை விட்டு முடிச்சிட்டா."

நீங்கள் தந்த பணத்தில் லொறி வந்தது; அடுத்த கிழமை அந்த ஆறு பேரும் வேலைக்கு வந்தார்கள்.

தோற்றவர்களை முதலீட்டாளர்கள் விரும்புவார்கள் என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. ஒரே குழியில் மூன்று தரம் விழுந்தவர்களையும் கண்டிருக்கிறேன். நீங்களும் நான் தோற்றதற்காகப் பணம் தரவில்லை. குறை சொல்லி வந்த அன்று ஒரு சதமும் தரவில்லையே.

நீங்கள் மௌத்தான அன்று உங்கள் வீட்டு முற்றத்தில் ஒதுங்கி நின்றேன். கொண்டச்சியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என்னைக் காட்டி, "இவ ஆர்?" என்றார். உங்கள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ராத்தாட பங்காளி."

என் பெயரோடு பட்டங்களும் பதவிகளும் பல சேர்ந்துவிட்டன. நான் பெருமையோடு சுமப்பது அந்த ஒன்றைத்தான்.