சுதாராணியின் பெட்டிக்கு ஒரு சாண் ஒயர்

ஜூன் 3, செவ்வாய்

விடியும்போதே அனல். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட், அந்த மட்டில் லாபம்.

நேற்று சித்தூரிலிருந்து சுதாராணி வந்தாள். கல்யாண போட்டோகிராபர். மண்டபத்திலேயே படங்களைச் சரிசெய்து, பந்தி முடிவதற்குள் திரையில் போட்டுக் காட்டுவாள். அதற்கென்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். டிபன் கேரியர் அளவுதான், ஆனால் உள்ளே பவர் ஒயர்கள் முழ நீளம். மடித்துத் திணித்திருக்கிறாள். போன கல்யாணத்தில் ஒயர் ஃபேனில் சிக்கி, தாலி கட்டும் நேரம் பார்த்து மெஷின் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த கல்யாணம்.

"அக்கா, இன்னொரு வாட்டி நின்னா சித்தூர்ல என்னைய எவரும் கூப்புடமாட்டாங்க."

ஒரு சாண் நீளத்தில் புது ஒயர் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. ஆறு வருஷமாகக் கார் ஒயர் கட்டும் லைனில் நிற்கிறேன். பதினாலாம் இடம். ஒயர் நுனியில் பின் அடித்துக் கனெக்டரில் ஏற்றுவது. என் கையில் இன்றுவரை ஒரு ரிஜெக்ட் இல்லை. இது சரியாக வந்தால் அவளுடைய தொழில்காரர்கள் நாலைந்து பேர் கேட்பார்கள். லைனை விட்டுவிட்டு வீட்டிலேயே தொழில். 'பார்க்கலாம்' இல்லை, 'முடியும்'.

வேண்டியவை:
24 ஓட்டை கனெக்டர் - 2
8 ஓட்டை - 4
பின், பெண் வகை - 80. கைதவறினால் என்று 100.
ஒயர், எல்லாம் கறுப்பு. (கலர் கண்ணை உறுத்துகிறதாம்.)
பின் அடிக்கும் டூல் - என்னுடையதே இருக்கிறது.
தயிர்.

ஜூன் 4, புதன்

ஷிஃப்ட் முடிந்து திருப்பதியில் மூன்று கடை. முதல் கடையில்:

"பின்னு மட்டும் எவர்மா வாங்குவாங்க? ரெடிமேட் கேபிளே கீது, ரெண்டடி."

"அந்த ரெண்டடிதான்யா எங்க வியாதியே."

இரண்டாம் கடைக்காரர் டப்பா டப்பாவாகத் திறந்தார். எல்லாம் ஊசி மாதிரி, ஆண் வகை. எனக்கு வேண்டியது குழல். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். "ஒண்ணுன்னா ஊர்ல எதுக்குங்க கல்யாணம்?" என்றேன். சிரித்து டீ வரவழைத்தார். டீ கிடைத்தது, பின் கிடைக்கவில்லை. மூன்றாவது கடை பூட்டு.

லைனில் பக்கத்து இடத்துப் பெண் யோசனை சொன்னாள். "கீழ கொட்டிக் கெடக்கறத கூட்டி அள்ளிக்கினு போ, யாரு பாக்கறாங்க." கார் பின், சைஸே வேறு. திருடுவதற்குக்கூட லாயக்கில்லை. சைஸ் சரியாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

தயிர் மறந்தேன்.

ஜூன் 5, வியாழன்

கனெக்டர் கிடைத்தது! ரிப்பேர் கடையில் செத்த பவர் சப்ளை ஒரு மூட்டை. ஒயரோடு நறுக்கிக் கொண்டுவந்தேன், கறுப்பு ஒயரும் அங்கேயே ஒரு சுருள். பழைய பின்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கழுவிக் காயவைத்தால் புதுசு.

பின்னுக்குச் சென்னை வியாபாரியிடம் போன்.

"ரீல்தான்மா. நாலாயிரம் பின் இருக்கும்."

"நாலாயிரத்த மாலை கட்டியா போட்டுக்கப் போறேன்? நூறு வெட்டிக் குடுங்கண்ணா."

முனகினார், வெட்டினார். பஸ் பார்சலில் நாளை வரும்.

ஜூன் 6, வெள்ளி

வார விடுமுறை. பஸ் ஸ்டாண்டில் பார்சல். மாம்பழ வாசனை, யாரோ பங்காருபாளையத்துக் கூடைகளோடு.

சுதா போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து எண்பது பின்னும் மதியத்துக்குள் முடித்தேன். ஒவ்வொன்றையும் தள்ளி, 'கிளிக்' கேட்டு, இழுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றுகூட வெளியே வரவில்லை. வீட்டுக்காரர் ஏசி ரிப்பேர் வேலையிலிருந்து வந்ததும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னா தனம், சடை பின்னினா மாரி கீது!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 7, சனி

லீவு போட்டேன். சுதா பெட்டியோடு வந்தாள். பழைய ஒயரைக் கழற்றிப் புதியதைச் சொருகினேன். உள்ளே கை நுழைய இடம்! சுவிட்சில் விரல் வைத்தவள் சாதாரணமாகக் கேட்டாள்: "செக் பண்ணியாச்சா அக்கா?"

ஆச்சு என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. லைனில் என் இடம் தாண்டியதும் ஒயர் செக்கிங் பலகைக்குப் போகும். அங்கே வேறொருத்தி நிற்பாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் செக் செய்ததில்லை. இங்கே என் பின்னால் யாரும் இல்லை.

விரலை எடுக்கச் சொன்னேன். புது ஒயரைத் திரும்பக் கழற்றி, வீட்டுக்காரரின் மீட்டரை எடுத்தேன்; ஒரே ஒயரின் இரண்டு நுனியையும் தொட்டால் 'கீ' என்று கத்தும். பழைய ஒயரில் எந்த ஓட்டைக்கு எந்த ஓட்டை கத்துகிறதோ, புதியதிலும் அப்படியே கத்த வேண்டும். கத்தவில்லை.

படத்தை மறுபடி பார்த்தேன். கம்பெனிப் படங்கள் எல்லாம் ஒயர் நுழையும் பக்கத்திலிருந்து வரைந்தவை. இது மெஷினில் சொருகும் வாய்ப் பக்கத்திலிருந்து வரைந்தது. நான் இடம் வலமாக எல்லாவற்றையும் மாற்றி ஏற்றியிருக்கிறேன். எல்லாம் கறுப்பு, கலரும் காட்டிக் கொடுக்கவில்லை.

மழுப்பியிருக்கலாம். சொன்னேன்.

"ஆன் பண்ணிருந்தா?"

"மெஷின் செத்திருக்கும்மா. தப்பு என்னுதுதான்."

சுதா ஃபேனுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்தாள். "மறுபடி செய்யுங்க. நா இங்கயே கீறேன்."

ஸ்டேப்ளர் கம்பி இரண்டு விட்டு ஒவ்வொரு பின்னாக வெளியே எடுத்தேன். பதினொன்று உடைந்தது. கூடுதலாக இருபது வைத்திருந்தேன், பிழைத்தேன். அவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் கூப்பிட்டார், சுதா எழுதினாள். இரண்டு சுற்று. எல்லாம் சரி. சுவிட்ச் போட்டது நான். ஓடியது. அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சித்தூர் மண்டபம். இலையில் வடையை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் முடிந்து அரை மணியில் திரையில் படம். மெஷின் நிற்கவே இல்லை. பெண்ணின் அம்மா மட்டும், "என் ஆரம் சரியா தெரியலியே" என்று குறை.

சுதாவின் தொழில்காரர் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். சுதா என்னைக் காட்டினாள்.

"இதுல நீங்க எந்த வேலைம்மா செஞ்சீங்க? பின்னு அடிச்சதா?"

"பின்னு தேடினது, அடிச்சது, தப்பா ஏத்தினது, பிரிச்சி சரி பண்ணது, செக் பண்ணது. எல்லாம் நாந்தாங்க."