வெந்நீரில் வெளுத்த கூழ்

11-12-1956, செவ்வாய். போடி.

ஏலக்காய் வியாபாரிக்குச் செய்து கொடுத்த காகிதப் பைகள் இன்று திரும்பி வந்தன. பால்போல வெள்ளை. ஆனால் காயை நிரப்பியதும் மடிப்பில் கிழிந்துவிட்டனவாம்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் காகிதப் பட்டறையில் தாளுக்கான பருத்திக் கூழை வெளுப்பது என் வேலை. பச்சைத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரை அளவாகக் கரைத்து, பொறுத்து வெளுக்க வேண்டும். அவசர லோடு என்று முதலாளி தொட்டிக்கு அடியில் தீ மூட்டச் சொன்னார். பவுடரையும் கூட்டச் சொன்னார். வெள்ளை சீக்கிரம் வந்தது. பஞ்சின் பலம் போய்விட்டது.

அவரோ கூழைச் சல்லடையில் அள்ளித் தாளாக எடுக்கும் பேச்சியம்மாளைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கையி என்ன அருவாளா? நாளையிலருந்து சோலிக்கு வராத."

முன்பு பச்சைத் தண்ணீரில் வெளுத்த தாள் ஒன்றையும் இந்தத் தாள் ஒன்றையும் அவர் முன்னால் மடித்துக் காட்டினேன். பழையது தாங்கியது. புதியது முறிந்தது.

"கோளாறு கையில இல்ல மொதலாளி, தீயில இருக்கு."

அவர் முகம் கறுத்தது. பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். "அது சின்னப்புள்ள, வெவரமில்லாமப் பேசுது. தப்பு எங்கையிதான் மொதலாளி. இனி பதனமா எடுக்குறேன்."

"அப்படிச் சொல்லு ஆத்தா" என்று சிரித்தார். அவள் வேலை தப்பியது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று வெளியே வந்து கேட்டேன்.

"நீ செயிச்சா எம்புள்ளைகளுக்கு நீயா கஞ்சி ஊத்துவ, அப்பு?"

காலையில் மறுபடி தீ மூட்டச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளும் கிழியும். அவள்தான் ஒப்புக்கொண்டுவிட்டாளே, இனி யாரும் தொட்டியைப் பார்க்கப் போவதில்லை.