சதுர முத்திரை

துன்முகி, ஆடி 2, செவ்வாய்.

விடிந்ததிலிருந்து தூறல். புழுக்கிய நெல் காயவில்லை.

புதுச்சேரியில் ஒரு துரைசானி ஊருக்குக் கப்பலேறுகிறாள். அவள் வீட்டுச் சமையற்காரியிடமிருந்து வீட்டுக்காரர் ஒரு நகை வாங்கி வந்தார். வெள்ளைக்காரர் வீட்டு நகைகளை நான் எழுதிவைக்கும் நோட்டில் 14-ஆவது. ஊசி குத்தும் பதக்கம். ஐந்து இதழ், நடுவில் சிவப்புக் கல். பின்பக்கம் கடுகளவு கட்டம், உள்ளே இரண்டு எழுத்து, ஒரு நங்கூரம். யார் பொறித்தது? எந்த ஊர்?

பிரெஞ்சு முத்திரை இருந்தால் பவுன். எங்கள் ஊர் உறுவையாறு முழுக்க அறிந்தது. இவர் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது எல்லையம்மனுக்குத் தங்கம் சாத்துவதாக வேண்டுதல். வெள்ளிக்கிழமை இதையே சாத்தலாம். பூசாரியிடம் சொன்னேன். அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

ஆடி 4, வியாழன்.

நல்ல வெயில். ஊசியை எடுத்துக் கொக்கி வைக்க வில்லியனூர் ஆசாரியிடம் போனேன். பிரெஞ்சுக்காரன் கடையில் வேலை பார்த்தவர். பூதக்கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, முத்திரையப் பாத்து மயங்கிட்டியா? கட்டம் மேலயும் கீழயும் முனை நீண்டிருந்தா தங்கம். சதுரமா குந்திகினு இருந்தா பித்தள மேல பூச்சு. அவங்க சட்டம் அப்படி."

வருத்தத்துக்கு முன்னால் ஆச்சரியம். கில்ட்டு செய்தவனே கில்ட்டு என்று குத்தி அனுப்பியிருக்கிறான். எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

மற்ற பதின்மூன்றையும் முற்றத்து வெயிலில் கவிழ்த்தேன். எல்லாம் சதுரம். ஒன்றில் சேவல். ஒன்றில் சாவி. மூன்றாவதும் ஒன்பதாவதும் ஒரே கைவேலை. இத்தனை நாள் கல்லையே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர்: "சாத்திடுடி. அம்மன் இன்னா திருப்பியா பாக்கப் போறா?"

"அவ மேல படறதே பின்பக்கந்தான்."

மறுபடி ஆசாரியிடம் நடை. காதிலிருந்த பவுன் கம்மல் இரண்டையும் கழற்றிக் கொடுத்து, உருக்கி அம்மனுக்குப் பொட்டாகத் தட்டச் சொன்னேன்.

ஆடி 5, வெள்ளி.

கூழ் ஊற்றும் கூட்டம். பூசாரி பதக்கத்துக்குக் கை நீட்டினார். பொட்டை வைத்தேன்.

"இம்மாத்தூண்டா? பதக்கம்னு சொன்னியேம்மா."

அது பித்தளை, தெரியாமல் பேசிவிட்டேன் என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். ஒதியம்பட்டிலிருந்து வந்த நாத்தனார், கூழுக்கு வந்த இடத்தில் இத்தனை பெருமை வேண்டுமா என்றாள். சிரிப்பு. பூசாரி மட்டும் சிரிக்காமல், நெற்றியில் ஒட்ட மெழுகு தேடினார்.

வேப்ப ஈர்க்கு இரண்டு ஒடித்துக் காதில் செருகிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் நாத்தனார் ஓடி வந்தாள். தன் கழுத்தைப் பிடித்தபடி, மெதுவாக:

"அண்ணி, என் அட்டியல்லயும் ஒரு முத்திர இருக்குது."

வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன். இங்கேயே பார் என்றாள்.