தினம் மூன்று காவடி

சான்பிரான்சிஸ்கோ
12-3-1939

அன்புள்ள குணவதிக்கு,

அம்மாசி எழுதுவது. கப்பலில் வாந்தி எடுத்தே பாதி ஆளாகிப்போனேன். இங்கே வந்துதான் உடம்பைத் தேற்றிக்கொண்டேன். நீயும் அக்கா அழகம்மாவும் சுகமாக இருக்க முருகன் துணை.

இந்த ஊர்க் கண்காட்சியை எப்படிச் சொல்வது? கடலுக்கு நடுவில் ஒரு தீவு முழுக்க விளக்கு. ஆசியாக்காரர்களுக்கென்று தனித் தெரு. ஒரு பக்கம் சீனர்கள் சிங்கம் ஆடுகிறார்கள். எதிரே ஜப்பான் பெண்கள் மேளம் அடிக்கிறார்கள், அடி ஒவ்வொன்றும் நெஞ்சிலே விழுகிறது. எங்களுக்கு அடுத்த கொட்டகை ஜாவாக்காரர்களுடையது. கொங்கு என்கிற வெண்கலச் சேகண்டிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டுவார்கள். மழை விட்ட பிறகு ரப்பர் இலையிலிருந்து சொட்டுமே, அந்த மாதிரிச் சத்தம். அவர்களில் ஒருவனோடு மலாயில் பேசிப் பழகிவிட்டேன். பூ வைத்துக் கும்பிடாமல் அவன் கொங்கில் கை வைப்பதில்லை. யாராவது அதைத் தாண்டிப் போனால் அவன் முகம் சுருங்கிவிடும்.

என் வேலை காவடி ஆட்டம். தினம் மூன்று வேளை. மேளம் தட்ட ஆள் வேண்டும் என்றுதான் பினாங்கில் ஏஜண்ட் துரை சொன்னார். இங்கே வந்ததும் மயிலிறகுக் காவடியைத் தோளில் ஏற்றிவிட்டார். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், முடிந்ததும் கை தட்டுகிறார்கள். காவடிக்குக் கை தட்டி நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? முதல் நாள் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எல்லாம் முடிய அக்டோபர் ஆகும். வந்ததும் தோட்டத்தை விட்டு வெளியேறி, செமிலிங் கடைத்தெருவில் ஒரு கடை போடுவோம். நீ ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டினது போதும்.

உன் அன்புள்ள
அம்மாசி


செமிலிங் தோட்டம்
25-4-1939

அன்புள்ள மாமாவுக்கு குணவதி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்திய படிப்பு உங்கள் கோழிக் கிறுக்கலைப் படிக்கவாவது உதவுகிறது.

ஒரு சேதி. எனக்கு இது நான்காம் மாதம். நீங்கள் கப்பல் ஏறும்போது எனக்கே தெரியாது. போன வருஷத் தைப்பூசத்தில் பிள்ளை வரம் கேட்டுச் சுங்கைப்பட்டாணியில் காவடி எடுத்தீர்களே, முருகன் கொடுத்துவிட்டான்.

அதனால்தான் பதறிப்போனேன். எந்த விரதம் இருந்து, யார் கையால் விபூதி வாங்கி, தினம் மூன்று தடவை காவடி தூக்குகிறீர்கள்? விளையாட்டாக எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தவனையே கேலி செய்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகுமா?

காவடி எடுப்பவரோடு வீடும் விரதம் இருக்க வேண்டும், போன வருஷம் இருந்தோம். கடிதம் வந்த அன்றே மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஒரு வேளைச் சோறு, ரசம், வெறும் பாயில் படுக்கை. உங்கள் அக்கா திட்டித் தீர்க்கிறார். "மாசமா இருக்கிறவ வயித்தக் காயப்போட்டா முருகன் ஒத்துக்குவானா? மரம் வெட்டப் போற உடம்பு, ரெண்டு வாய் சாப்பிடுலா" என்கிறார். நீங்கள் காவடியை இறக்கும் வரை நான் விரதத்தை விட மாட்டேன்.

நீங்கள் அங்கே விரதம் இருக்கிறீர்களா, மாமா? மற்றதெல்லாம் அப்புறம். இதற்கு உள்ளதை எழுதுங்கள்.

தங்கள் அன்பு மறவாத
குணவதி


சான்பிரான்சிஸ்கோ
6-6-1939

என் அன்புக் குணவதிக்கு,

எனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று அந்த ஜாவாக்காரனிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர்கள் கூட்டம் முழுவதும் உட்கார்ந்து எனக்காக ஒரு முறை வாசித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

விரதத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறேன். பாலும் பழமும், மத்தியானம் கொஞ்சம் சோறு. விபூதி ஊரிலிருந்து கொண்டுவந்தது இருக்கிறது. நீ ஒன்றும் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அக்கா சொல்வதைக் கேட்டு நன்றாகச் சாப்பிடு. நான் இருக்கும் விரதம் இரண்டு பேருக்கும் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லா நாட்டுக்காரர்களும் ஊருக்குள் ஊர்வலம் போனோம். முன்னால் பிலிப்பைன்காரர்களின் பாண்டு வாத்தியம், பின்னால் சிங்கம், நடுவில் என் காவடி. போட்டோ பிடித்தார்கள். கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

உன்
அம்மாசி


சான்பிரான்சிஸ்கோ
28-7-1939

குணவதி,

இத்துடன் போட்டோ. நடுவில் காவடியோடு சிரிப்பவன் உன் புருஷன்தான், அடையாளம் தெரியாமல் போய்விடப் போகிறது. லயத்து வீடுகளில் எல்லாருக்கும் காட்டு.

அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாய் அல்லவா? எனக்கு மனசு சரியில்லை. உடனே எழுது.

அம்மாசி


செமிலிங் தோட்டம்
14-9-1939

மாமாவுக்கு,

ஆடிக் கடைசியில், எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். மறுநாள் வரை இருந்தது. உங்கள் அக்காதான் கையில் வைத்திருந்தார். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை.

உடம்பில் ரத்தமே இல்லை, மீனும் முட்டையும் சாப்பிடு என்று ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் முன்னாலேயே சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நீங்கள் அத்தனை தூரத்தில் பாலும் பழமுமாகக் காவடி சுமக்கும்போது நான் மீன் தின்பேனா? உங்கள் கடிதம் வந்த பிறகு எனக்குப் பசி கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிள்ளையைப் புதைத்த பிறகு ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லையே, ஏன் எடுத்துக்கொண்டான் என்று. உங்கள் அக்காவுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அதன் பிறகு போட்டோ வந்தது. உங்கள் அக்கா அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். நான் வாங்கிப் பார்த்தேன். தோளில் காவடி, காலில் பூட்ஸ்.

தரை குளிரும், அதனால் போட்டிருப்பான் என்றார் அக்கா. இருக்கலாம். ஆனால் முகத்தையும் பார்த்தேன். அன்றைக்குத் தைப்பூசத்தில் விரதம் முடியும்போது உங்கள் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. போட்டோவில் புது மாப்பிள்ளை மாதிரி உப்பியிருக்கிறீர்கள். உங்களோடு ஆறு வருஷம் குடித்தனம் செய்தவள் நான். எனக்குத் தெரியாதா?

கோலா கெத்திலுக்கு, அம்மா இருக்கும் தோட்டத்துக்குப் போகிறேன். வீட்டைக் கங்காணியிடம் ஒப்படைத்தாகிவிட்டது. உங்கள் துணிமணி அக்காவிடம் இருக்கிறது. அங்கே எழுத வேண்டாம், தேடி வரவும் வேண்டாம்.

முருகன் உங்கள் பூட்ஸைப் பார்த்துக் கோபித்துக்கொண்டான் என்று நான் நினைக்கவில்லை. விரதம் இல்லாவிட்டால் காவடி வெறும் மூங்கிலும் மயிலிறகும்தான், அதற்காக எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடப்பதில்லை. பிழைக்கப் போன இடத்தில் வயிறாரச் சாப்பிட்டீர்கள், அதுவும் தப்பில்லை. சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தால் நானும் சாப்பிட்டிருப்பேன்.

குணவதி